நாங்கள் இருவரும் எழுதாத பாட்டு

முரசுமோட்டைக் கூட்டுறவுக் கடைக்கு நான் மனேச்சராகப் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. குடியேற்றத் திட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு வயல்காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து சட்டிபானையோடு வந்து இறங்கி மூன்று போகம் ஆகியிருந்தது. ஐயா வயலைப் பார்த்தார். நான் கடையைப் பார்த்தேன். கடையைப் பார்க்காத நேரத்தில் கவிதை எழுதினேன். கடையைப் பார்க்கிற நேரத்திலும் அதைத்தான் செய்கிறேன் என்று சங்க உறுப்பினர் ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து முறையிட்டார். சீனி நிறுக்கும்போது இந்தப் பெடியன் தராசைப் பார்க்கிறதில்லை, முகட்டைப் பார்க்கிறான் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. எஸ்.எஸ்.சி. சோதனையில் தமிழுக்கு விசேட சித்தி எடுத்தவன் முகட்டைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கூட்டாளியைச் சந்தித்தது எங்கள் வீட்டுக்கு மலேரியா மருந்து அடித்த நாளில். அந்த வருடங்களில் முதுகில் பம்பு கட்டிக்கொண்டு நாலைந்து பேர் ஊர் ஊராக வருவார்கள். வீட்டுச் சாமான் முழுவதையும் முற்றத்தில் தூக்கி வைக்க வேண்டும். உள்ளே சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு நான் பானைகளுக்கும் பாய்களுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அப்போதுதான் எழுதி முடித்த ஒரு கவிதையை உரத்து வாசித்துக்கொண்டிருந்தேன். மருந்தடிப்பவர்களுக்குத் தலைவனாக வந்த இளைஞன் ஒருவன் என் பின்னால் நின்று கேட்டிருக்கிறான். முகம், புருவம் எல்லாம் மருந்துத் தூள். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, மூன்றாவதில் ஒரு மாத்திரை கூடிவிட்டது என்றான்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, மாத்திரை வேண்டாம் என்று சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. மூன்றாவது வரியில் ஒரு மாத்திரை கூடுகிறது, அதனால் பாட்டு நொண்டுகிறது என்று விளக்கினான். பிறகு அந்த வரியில் ஒரு சொல்லை விட்டுவிட்டு மெல்லப் பாடிக் காட்டினான். என் கவிதையை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவனுடைய ஆட்கள் பம்போடு குசினிக்குள் புகுந்து அம்மாவின் ஊறுகாய்ப் போத்தலையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதைக் கவனிக்க எங்கள் இருவருக்கும் நேரமில்லை.

அவன் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன். கத்தோலிக்கன். தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் வள்ளம் ஆடினால் வயிற்றைப் பிரட்டும். மூன்று முறை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு நாலாவது முறை கரையிலேயே விட்டுவிட்டார்களாம். கரையில் கிடந்தவன் கோயிலில் ஆர்மோனியம் பழகினான். பிறகு மலேரியா இலாகாவில் வேலை கிடைத்தது. சைக்கிளின் பின்கரியரில் ஒரு பழைய ஆர்மோனியத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வன்னி முழுவதும் மருந்தடித்துத் திரிந்தான். கிளிநொச்சிப் பக்கம் வேலை இருக்கும் நாட்களில் எங்கள் கடையின் பின்னறையில் மாச்சாக்குகளின் மேல் ஆர்மோனியத்தை வைத்து வாசிப்பான். நான் எழுதுவேன். இப்படித்தான் எங்கள் கூட்டு ஆரம்பித்தது.

முதல் இரண்டு வருடமும் எங்களுக்குக் குறைவில்லை. கலியாண வீட்டு வாழ்த்து, பாடசாலை ஆண்டு விழா, புதுக் கிணறு திறப்பு, எல்லாவற்றுக்கும் பாட்டுச் செய்தோம். கதவைத் திறந்து மருந்தடிக்க விடச்சொல்லி ஊராருக்கு ஒரு பாட்டுச் செய்தோம். அது பாடப்பட்ட ஊர்களில் கதவுகள் முன்னையைவிடச் சீக்கிரம் சாத்தப்பட்டதாக அவனுடைய ஆட்கள் சொன்னார்கள். ஒரே மெட்டில் பிள்ளையாருக்கு ஒன்றும் மாதாவுக்கு ஒன்றும் செய்தோம். இரண்டு இடத்திலும் பக்தர்கள் கண்ணீர் விட்டார்கள். அதிலிருந்து எங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்குத் தீராமலே இருந்தது. பாட்டுக்கு முதலில் வேண்டியது மெட்டு என்பான் அவன். சொல் இல்லாமல் மெட்டு வெறும் காற்று என்பேன் நான். மெட்டு இல்லாத சொல்லைத்தானே பேரேட்டில் எழுதுகிறீர்கள், அதை யார் பாடுகிறார்கள் என்று கேட்பான். இந்த வாதத்தில் எத்தனையோ பின்னேரம் போயிருக்கிறது. கடைக்கு முன்னால் மண்ணெண்ணெய்க்குக் காத்துநின்ற சனம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

கற்பனை ஊற வேண்டுமென்றால் நல்ல இடங்களுக்குப் போக வேண்டும் என்று ஒருமுறை தீர்மானித்தோம். பூநகரிக்கு பஸ் ஏறிப் போய்ப் பரவைக் கடலோரம் இருந்து தண்ணீரைப் பார்த்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் கொப்பியைத் திறந்து வைத்திருந்தேன். அவன் விரல்களால் தொடையில் தாளம் போட்டான். மத்தியானம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. பிறகு பஸ்ஸும் வரவில்லை. பசியில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். கடைசியில் வைக்கோல் ஏற்றிப்போன வண்டிக்காரர் ஒருவர் இரங்கி ஏற்றிக்கொண்டார். என்ன அலுவலாக வந்தீர்கள் என்று அவர் கேட்க, பாட்டுக் கட்ட என்றோம். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

உண்மையான பாட்டு கடைக்குப் பின்னால்தான் இருந்தது.

கடைக்கு அடுத்த காணி ஒரு எருமைக்கார அக்காவுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் வயலே கதியென்று இருக்கிற, அதிகம் பேசாத மனிதர். அக்கா இரண்டு எருமை வைத்துத் தயிர் விற்றா. அதில் ஒன்று சாதுவானது. மற்றது பின்னேரமானால் கடை வளவு வேலியில் ஓட்டையாகக் கிடந்த பொட்டுக்குள்ளால் புகுந்து, வளவைக் கடந்து, வாய்க்கால் சேற்றில் போய்ப் படுத்துவிடும். அந்த வேலி சங்கத்துக்குச் சொந்தமானது. பொட்டை அடைக்கச் சொல்லி அக்கா என்னிடம் மூன்று முறை வந்தா. இது நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டிய விஷயம், எழுத்தில் தாருங்கள் என்று மூன்று முறையும் சொன்னேன். அவாவுக்கு எழுதத் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் அக்கா பொட்டடியில் நின்று எருமையைக் கூப்பிட்டா. நான் பின்னறை யன்னலடியில் இருந்து கவிதைக்கு மோனை தேடிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் பலநாள் எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. ஒருநாள் பேனை ஓடாமல் இருந்தபோது காது கொடுத்துக் கேட்டேன்.

“எங்கையடி போனனீ, என்னை விட்டிட்டு எங்கையடி போனனீ. வெய்யில் சரியுது, வாசல் திறந்து கிடக்குது. தவிடும் புண்ணாக்கும் கரைச்சு வைச்சிருக்கிறன். முள்ளுக்கம்பியில கொம்பு மாட்டும், பாத்து வாடி.”

பக்கத்தில் கிடந்த பில் புத்தகத்தை எடுத்தேன். நான்கு வரியையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். பிறகு அவற்றை இலக்கியமாக்கினேன். தவிடும் புண்ணாக்கும் இருந்த இடத்தில் தேனும் தினைமாவும் வைத்தேன். முள்ளுக்கம்பியை முல்லைக்கொடியாக்கினேன். கொம்பை எடுத்துவிட்டுக் கூந்தலைப் போட்டேன். இப்போது அது, பிரிந்துபோன காதலியை வாசலில் நின்று அழைக்கிற ஒருவனின் பாட்டாகிவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் அது என் மனத்திலிருந்து ஊறியது என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டாளி வந்தான். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டுவிடுவானோ என்ற பயத்தில், இது வயல்வரம்பில் நடந்து வரும்போது வந்தது என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவன் தாளை வாங்கி வாசித்தான். வாசித்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. கண்ணை மூடினான். ஆர்மோனியத்தை இழுத்துவைத்தான். எடுத்த எடுப்பிலேயே முழு மெட்டையும் வாசித்துவிட்டான். ஒரு எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. பூட்டுக்குத் திறப்புப் போட்டதுபோல் இருந்தது. சாதாரணமாக ஒரு பாட்டுக்கு அவனுக்கு இரண்டு வாரம் செல்லும்.

எப்படி வந்தது என்று கேட்டேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு அலை சொல்லிக்கொடுக்கும் என்றான். அன்றைக்குப் பின்னேரம் நல்லவிதமாகத்தான் பேசிக்கொண்டோம். ஆனால் எனக்குள் பொறாமை எரிந்தது. என் சொற்கள் இரவல். இவனோ ஒரு நிமிடத்தில் இப்படியொரு மெட்டைப் பிறப்பிக்கிறான். கூட்டில் மேதை அவன்தான், நான் வெறும் பில் எழுதுகிறவன் என்று பட்டது.

வானொலியில் அப்போது ஊர்ப்புறத்தவர் அனுப்புகிற பாட்டுகளைத் தேர்ந்து பாடவைக்கிற ஒரு நேரம் இருந்தது. அனுப்பினோம். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கொழும்பில் நல்ல குரலுள்ள ஒருவர் பாடப் போகிறார், இன்ன நாள் இன்ன நேரம் கேளுங்கள் என்று இருந்தது.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் பற்றரியில் பாடுகிற ஒரு றேடியோ இருந்தது. அந்த நாள் பின்னேரம் அங்கே பாதி ஊர் கூடிவிட்டது. நானும் கூட்டாளியும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்வாங்கில் இருந்தோம். எங்கள் இருவர் பெயரையும் சொன்னார்கள். பாட்டுத் தொடங்கியது. “எங்கே நீ போனாயோ, என்னை விட்டு எங்கே நீ போனாயோ” என்று அந்தக் குரல் இரண்டாம் முறை இழுத்தபோது, றோட்டின் அந்தப் பக்கம் வாய்க்காலிலிருந்து ஒரு எருமை எழுந்து வந்தது. மேலெல்லாம் சேறு வழிய றோட்டைக் கடந்து, கடை வாசலில் நின்று, காதை விறைத்துக்கொண்டு கேட்டது. கடைக்காரர் துவாயை வீசித் துரத்தினார். அது அசையவில்லை. பாட்டு முடியும்வரை நின்றது. முடிந்த பிறகு கடைக்குள் எட்டி மேசைகளுக்குக் கீழே பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனது.

கடையில் இருந்த ஒரு வயோதிபர், கண்ணன் குழலுக்கு மாடு நின்றது என்று கதையில்தான் கேட்டேன், இன்றைக்குக் கண்ணால் கண்டேன் என்றார். இன்னொருவர் எருமையின் கண்ணில் நீர் வழிந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டான். அடக்கத்தால் குனிகிறான் என்று நினைத்து நானும் குனிந்துகொண்டேன். அது எந்த எருமை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு என் கண்ணுக்கு அது ரசனை உள்ள ஒரு எருமையாக மட்டுமே பட்டது.

பாட்டுப் பரவிவிட்டது. பரந்தனில் லொறிக்காரர்கள் பாடினார்கள். வயலில் நாற்று நடுகிறவர்கள் பாடினார்கள். காதலித்துக் கலியாணம் முடியாமல் போன ஒருவர் மாங்குளத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்து அழுதார். தேனும் தினைமாவும் என்ற இடத்தில்தான் தனக்குத் தாங்க முடியாமல் போகிறது என்றார். அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

வானொலியிலிருந்து இன்னொரு பாட்டுக் கேட்டுக் கடிதம் வந்தது. அங்கேதான் எங்களுக்கு நெருக்கடி வந்தது. நான் பின்னறை யன்னலடியில் பில் புத்தகத்தோடு காத்திருந்தேன். பொட்டடியில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. விசாரித்ததில் அந்த எருமை கன்று போட்டிருந்தது. கன்றை விட்டு எங்கும் போகாமல் பட்டியிலேயே கிடந்தது. ஓடாத எருமையை யார் கூப்பிடுவார்? நான் மூன்று மாதம் மோனையோடு மல்லுக்கட்டினேன். நிலவைப் பற்றி எழுதினேன். நெற்கதிரைப் பற்றி எழுதினேன். வாசிக்க வாசிக்க எனக்கே கொட்டாவி வந்தது.

கூட்டாளிக்கும் அலை ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் வேலையில் அவன் வழக்கத்தைவிடக் கருத்தாக இருப்பதைக் கவனித்தேன். முரசுமோட்டைக்கு அடிக்கடி வந்தான். எருமைக்கார அக்காவின் வீட்டுக்கு ஒரே மாதத்தில் மூன்றுதரம் மருந்தடித்தான். மூன்றாம் முறை அக்கா அவனிடம், இந்த வீட்டில நுளம்பு செத்துப் பல நாளாச்சு, இனி நாங்கள்தான் மிச்சம் என்று சொன்னதாகக் கணவர் கடையில் வந்து சொன்னார். கடமை உணர்ச்சியுள்ள உத்தியோகத்தன் என்று நான் அவனைப் புகழ்ந்தேன்.

இந்த நேரத்தில்தான் கிராமச்சபைத் தலைவருக்கு எங்களைக் கௌரவிக்கும் யோசனை வந்தது. பாடசாலை மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் விழா. வாழைமரம் கட்டினார்கள். பொன்னாடை இரண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிறைந்திருந்தார்கள். தலைவர் நெடுநேரம் பேசினார். மனிதர் உருகுவது பெரிதல்ல, ஒரு வாயில்லாச் சீவன் சேற்றை விட்டு எழுந்து வந்து கேட்ட பாட்டு இது, தமிழின் பெருமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். கைதட்டினார்கள்.

பிறகு பாட்டுப் பிறந்த கதையைச் சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். முதலில் கூட்டாளி எழுந்தான். முல்லைத்தீவுக் கடலில் சிறுவயதில் வள்ளத்தில் போகும்போது அலைகள் தாலாட்டிய தாலாட்டுத்தான் இந்த மெட்டு என்றான். வள்ளத்தில் அவன் என்ன செய்தான் என்பது தெரிந்த நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. மெட்டுத் தன்னிடம் முதலே இருந்ததென்றும், நண்பர் அதற்குப் பொருத்தமான சொற்களைத் தந்து உதவினார் என்றும் சொன்னான்.

உதவினார் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் எழுந்து, சொல்தான் முதலில் பிறந்தது, வயல்வரம்பில், முழுநிலவில், என் உள்ளத்தின் ஆழத்திலிருந்து என்றேன். நண்பர் அதை வாசித்த பிறகே மெட்டுப் போட்டார், அதற்கு நானே சாட்சி என்றேன். அவன் கதிரையில் இருந்தபடியே இல்லை என்று தலையாட்டினான். நான் ஓம் என்று தலையாட்டினேன். தலைவர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் எருமைக்கார அக்கா எழுந்து நின்றா. கோபமாக இருக்கவில்லை. விதானையாரிடம் ஏதும் அலுவல் கேட்கப் போகிறவர்போல் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டா.

“மனேச்சர், அது நான் எருமைக்குச் சொன்னது.”

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். தலைவர், அம்மா, இருங்கோ, விழா முடியட்டும் என்றார். அக்கா இருக்கவில்லை. தன் மனுசன் பால் கறக்கும்போது ஒரு பாட்டை முணுமுணுத்ததாகவும், இது நான் கூப்பிடுகிறதல்லவா, எங்கே எடுத்தீர்கள் என்று கேட்க, றேடியோவில் என்று அவர் சொன்னதாகவும் அவா விளக்கினா. அந்த எருமை தேத்தண்ணிக் கடைக்குப் போனது பாட்டுக் கேட்க அல்ல. கூப்பிடுகிறார்கள், தவிடும் புண்ணாக்கும் இருக்கும் என்று போனது. ஒன்றும் இல்லையென்று கண்டு திரும்பி வந்து, பிறகு இரண்டு நாள் அக்கா கூப்பிட்டும் நம்பாமல் சேற்றிலேயே கிடந்தது. “என்ர எருமையை நீங்கள் ஏமாத்திப்போட்டியள்,” என்று சொன்னா. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தடித்தது.

தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொற்கள் உங்களுடையவையாக இருக்கலாம், ஆனால் பாட்டு என்றால் மெட்டும் வேண்டும் அல்லவா என்று சமாளிக்கப் பார்த்தார். நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா வெளியே எட்டிப் பார்த்து, பால் கறக்கிற நேரம் போய்விட்டது, கன்று கத்தும், நான் போகவேண்டும் என்றா. மண்டப வாசலில் போய் நின்றா. அந்த வாரந்தான் கன்று வளர்ந்து எருமை பழையபடி வாய்க்காலுக்குப் போகத் தொடங்கியிருந்தது. அக்கா கையை வாயருகே வைத்து, விளையாட்டு மைதானத்துக்கு அப்பால் பார்த்துக் கூப்பிட்டா.

அதே சொல். அதே மெட்டு. ஆர்மோனியத்தில் கேட்ட அதே இழுப்பு, அதே இறக்கம். “போனனீ” என்ற இடத்தில் வருகிற அந்தச் சிறிய வளைவு, நான் மேதைமை என்று நினைத்துப் பொறாமைப்பட்ட அதே வளைவு, அப்படியே இருந்தது. மண்டபம் முழுவதும் திரும்பி வாசலைப் பார்த்தது. மைதானத்தின் கடைசியில் எருமை தலையைத் தூக்கியது. பிறகு அவசரமில்லாமல் நடந்து வந்தது. அக்கா அதன் கழுத்தில் தட்டி, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் கூட்டிக்கொண்டு போனா.

முதலில் சிரித்தது பெண்கள்தான். பிறகு எல்லோரும். பொன்னாடைகள் இரண்டையும் தலைவர் மடித்துத் தன் கதிரையிலேயே வைத்துவிட்டார். அவற்றை அவர் பிறகு யாருக்குப் போர்த்தினார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை நான் அக்காவின் வீட்டுக்குப் போனேன். படலையடியில் கூட்டாளியின் சைக்கிள் ஏற்கெனவே நின்றது. அவன் பம்பு இல்லாமல் வந்திருந்தான். இருவரும் மன்னிப்புக் கேட்டோம். வானொலிக்கு எழுதி உங்கள் பெயரையும் போடச் சொல்கிறோம் என்றேன். அக்கா உடனே வேண்டாம் என்று சொன்னா.

“என்ர பேரைப் போட்டால், காதல் பாட்டுக் கட்டினவள் எண்டு இந்தச் சனம் என்னைக் கதைக்கும். உங்களுக்கு அது பெருமை. எனக்கு அப்பிடி இல்லை. நீங்கள் அந்த வேலிப் பொட்டை அடைச்சுத் தாங்கோ, அது போதும்.”

நிர்வாகக் குழுவிடம் கேட்காமல் அன்றைக்கே அடைக்கத் தொடங்கினோம். இரண்டு நாள் பிடித்தது. நான் கதியால் கம்புகளை நட்டேன். அவன் கம்பி இழுத்துக் கட்டினான். கம்பி கட்டும்போதுதான் அவன் வாயைத் திறந்தான். நான் தாளை நீட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே றோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கூப்பாட்டைக் கேட்டிருக்கிறான். சொல் விளங்கவில்லை, மெட்டு மட்டும் காதில் விழுந்தது. அதற்குச் சொல் கேட்கத்தான் அன்றைக்கு என்னிடம் வந்திருக்கிறான். வந்தவனிடம் நான் தாளை நீட்டினேன். வாசித்தபோது எலும்பெல்லாம் குளிர்ந்து போனதாம். இந்த மனுசன் என் மனத்தில் இருந்த மெட்டுக்குச் சொல் எழுதி வைத்திருக்கிறான், இவன் மேதை என்று நினைத்ததாகச் சொன்னான். அந்தப் பொறாமையில் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

நானும் என் பங்கைச் சொன்னேன். கதியாலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்று, ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு நாளும் நான் வியந்த மேதை என் முன்னால் கை முழுக்கக் கீறலோடு முள்ளுக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அக்கா வந்து ஒவ்வொரு கதியாலையும் அசைத்துப் பார்த்தா. மூன்றாவது ஆடுகிறது என்று சொன்னா. பிடுங்கித் திரும்ப நட்டோம்.

எருமை அதன் பிறகு வெளியே போகவில்லை. பின்னேரங்களில் கடைக்குப் பின்னால் அமைதியாக இருந்தது. சங்க உறுப்பினர்கள் என் நிறுவையில் முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். வானொலிக்கு நாங்கள் வேறு பாட்டு அனுப்பவில்லை. அடுத்த வருடம் கூட்டாளியை வவுனியாப் பக்கம் மாற்றினார்கள். ஆர்மோனியத்தை பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, கடிதம் போடுகிறேன் என்றான். போட்டான். சுகம் விசாரித்து இரண்டு வரி. அதில் மாத்திரை ஒன்றும் கூடியிருக்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு வவுனியாவுக்குக் கிட்ட நெளுக்குளத்தில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தோம். அவன் உடம்பு வைத்திருந்தான். எனக்கு முன்தலை வெளித்திருந்தது. எங்களை அடையாளம் கண்டவர்கள் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி விடாப்பிடியாக நின்றார்கள். ஆர்மோனியம் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். எனக்கு ஏதோ தோன்றி, அக்கா சொன்னபடியே பாடினேன். தவிடும் புண்ணாக்கும் வந்தது, முள்ளுக்கம்பி வந்தது, கொம்பும் வந்தது. அவன் அந்த வளைவைத் தவறாமல் வாசித்தான். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து செய்தவற்றில் அதுதான் திறம் என்று நினைக்கிறேன்.

பந்தலில் ஒருவரும் ரசிக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் என் காதுக்குக் கிட்ட வந்து, நல்ல நாளில் பகிடி வேண்டாம், அசல் பாட்டைப் பாடுங்கள் என்றார். தேனும் தினைமாவும் போட்டுப் பாடினோம். பெண்ணின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். கூட்டாளி, இந்த றோட்டால் சைக்கிளில் கருவாடு விற்றுக்கொண்டு ஒருவர் போகிறார், அவர் கூவுகிற கூவலில் ஒரு திருப்பம் இருக்கிறது, கேட்டால் நீங்கள் விடமாட்டீர்கள் என்றான்.

“எந்தெந்த நாளில வாறவர்?” என்று கேட்டேன்.